பனை வைத்தவன் கணக்கு: தூத்தூர்க் கடலும் சுறாக்களும்

குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் ஆற்றுமுகத்தைத் தாண்டி மேற்கே போனால் கடலோரமாக வரிசையாக எட்டு ஊர்கள். இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. எல்லாம் சேர்த்துப் பத்துக் கிலோமீட்டர் சொச்சம்தான். நீரோடியோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்த ஊர் பொழியூர், கேரளம். 1956 நவம்பர் 1 வரை இரண்டு பக்கமும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி. இன்றைக்கும் மீன் விற்கும் பெண்களின் பேச்சில் ‘சுறா’ எந்த இடத்தில் ‘ஸ்ராவு’ ஆகிறது என்று கோடு போட முடியாது.

இந்தியாவில் ஆழ்கடல் சுறாத் தொழில் என்று யார் பேசினாலும் பேச்சு கடைசியில் இந்த எட்டு ஊருக்குத்தான் வந்து சேரும். ஆனால் அதைப் பார்க்கலாமென்று தூத்தூர்க் கரைக்குப் போனால் ஏமாந்து போவீர்கள். அங்கே கரைமடி இழுப்பார்கள், சிறு வள்ளங்கள் நிற்கும், பிள்ளைகள் பந்து விளையாடும். பெரிய படகுகளில் பெரும்பாலானவை கொச்சி தோப்பும்படித் துறைமுகத்தில் கிடக்கின்றன. ஒரு தங்கல் என்றால் ஒரு மாதம், ஒன்றரை மாதம். பத்துப் பதினைந்து பேர் ஐஸும் அரிசியும் டீசலும் ஏற்றிக்கொண்டு லட்சத்தீவுக்கு அப்பால், ஓமன் பக்கம் என்று போய்விடுவார்கள். அமெரிக்க ராணுவத் தளம் இருக்கும் டீகோ கார்சியா தீவுப் பக்கம் போய் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. பிடித்த மீன் கொச்சியில் ஏலம் போகும், பணம் தூத்தூருக்கு வரும்.

சுறாவைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்பது இரண்டு கதை. ஒன்று, ஆளைத் தின்னும் அரக்கன். இன்னொன்று, சீனாக்காரன் சூப்புக்காகத் துடுப்பை அறுத்துவிட்டு உடலைக் கடலில் எறிகிறான் என்பது. முதல் கதைக்கு ஒரு பத்தி போதும். உலகம் முழுக்கச் சேர்த்து, மனிதன் சீண்டாமல் சுறா கடித்த சம்பவங்கள் ஆண்டுக்கு அறுபது, எழுபது. அதில் உயிர் போவது சராசரியாக ஐந்தாறு. நம் ஊரில் தேங்காய்க்குப் பயந்து யாரும் தென்னைமரத்தடியில் உட்காராமல் இருப்பதில்லை. இரண்டாவது கதை பொய்யில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அரபிக்கடலில் நடப்பதைப் புரிந்துகொள்ள முடியாது. அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால் சுறா என்கிற உயிரின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

சுறாவின் உடம்பில் எலும்பே கிடையாது. எல்லாம் குருத்தெலும்பு, நம் காது மடலில் இருப்பதைப் போல. மற்ற மீன்களுக்கு மிதக்க உதவும் காற்றுப்பையும் கிடையாது. அந்த வேலையை ஈரல் செய்கிறது. எண்ணெய் ததும்பும் பெரிய ஈரல். சில வகைகளில் உடல் எடையில் கால் பங்கு அதுதான். எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால் சுறா மூழ்காமல் நிற்கிறது. மூக்கைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றுக்குள் பசை போன்ற ஒன்று. லொரென்ஸினி என்ற இத்தாலியர் 1678-ல் இவற்றை விவரித்தார். எதற்காக என்று தெரிய இன்னும் முந்நூறு வருடம் ஆகிவிட்டது. மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையின் இதயத் துடிப்பும் தசை அசைவும் எழுப்பும் மிக மெல்லிய மின்சாரத்தை இந்தத் துளைகள் பிடித்துவிடுகின்றன. பல் விழுந்தால் பின்வரிசையிலிருந்து அடுத்த பல் நகர்ந்து வரும், சாகும் வரை. இப்படி ஒரு வடிவம் நாற்பது கோடி ஆண்டுக்கும் மேலாகக் கடலில் இருக்கிறது. நிலத்தில் காடு என்று ஒன்று உருவாவதற்கு முந்திய கதை இது.

இவையெல்லாம் படங்களில் காட்டுவதுதான். நம் விஷயத்துக்கு முக்கியமானது படங்கள் அதிகம் காட்டாத ஒன்று: சுறா எப்படிப் பிள்ளை பெறுகிறது என்பது.

சாளையை எடுத்துக்கொள்வோம். ஒரு வயதுக்குள்ளேயே முட்டை போடத் தொடங்கிவிடும். ஒரு பெண் சாளை போடும் முட்டை பல்லாயிரம். அதில் பெரும்பகுதி மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும், சரிதான். ஆனாலும் நல்ல மழை, நல்ல நீரோட்டம் என்று ஒரு வருடம் அமைந்தால் கடல் மறுபடி சாளையால் நிறைந்துவிடும். சுறா அப்படிப் பெருகுகிற உயிர் இல்லை. பெரும்பாலான சுறாக்கள் குட்டி போடுகின்றன. சிலவற்றில் தாய்க்கும் குட்டிக்கும் இடையில் நம்மைப் போலவே நஞ்சுக்கொடிகூட உண்டு. வயிற்றில் ஒன்பது மாதம், ஒரு வருடம், சிலவற்றில் இரண்டு வருடம். பிறப்பது இரண்டு, நான்கு, பத்து. அந்தக் குட்டி வளர்ந்து தாயாவதற்கே பல வருடம்.

எங்கள் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு: தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான். சாளையும் நெத்திலியும் வாழை மாதிரி. வெட்டினால் பக்கக்கன்று வரும். சுறா பனை.

கொச்சியில் இறங்கும் சுறாக்களில் கண்ணுக்குத் தனியாகத் தெரிவது நீளவால் சுறா. உடம்பு எவ்வளவு நீளமோ கிட்டத்தட்ட அவ்வளவு நீளம் வால். துறைமுகத் தரையில் வரிசையாகக் கிடத்தியிருப்பதைப் பார்த்தால் யாரோ அரிவாள்களை அடுக்கி வைத்தது போலிருக்கும். இந்த வால் எதற்கு என்பது ரொம்ப காலம் மீனவர் சொன்ன கதையாகத்தான் இருந்தது. வாலால் அடித்து மீன் பிடிக்கும் என்பார்கள். அது உண்மை என்று பிலிப்பைன்ஸில் செபு அருகே பெஸ்கடோர் தீவுப் பக்கம் கடலுக்கடியில் படமெடுத்துக் காட்டினார்கள். 2013-ல் ஆய்வு வெளியானது. சுறா சாளைக் கூட்டத்துக்குள் வேகமாகப் பாய்ந்து, முன்துடுப்பை மடக்கி உடம்பைச் சட்டென நிறுத்தி, வாலைத் தலைக்கு மேலே சாட்டை போல வீசுகிறது. ஒரே அடியில் ஏழு மீன்வரை மயங்கி விழுந்திருக்கிறது. பிறகு நிதானமாகத் திரும்பி வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொள்கிறது.

இந்தத் திறமையே அதற்கு எமனாகவும் ஆகிறது. தூண்டிலில் கோத்த இரையையும் அது வாலால்தான் முதலில் அடிக்கும். முள் வாயில் ஏறாமல் வாலில் ஏறிவிடும். வாலில் மாட்டிய சுறா பின்னோக்கி இழுபடும். முன்னே நீந்தினால்தான் அதன் செவுளில் தண்ணீர் பாயும். ஆகவே தூண்டிலை இழுக்கும்போது பல நேரம் உயிர் இருப்பதில்லை. விட்டுவிடலாம் என்று நினைத்தாலும் பயனில்லாத நிலை. இதன் பெண் வயதுக்கு வர எட்டு, ஒன்பது வருடம். ஒரு பேற்றில் இரண்டே குட்டி. இதன் அக்காள் வகையான பெருங்கண் நீளவால் சுறாவுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்கும் பெரும்பாலும் இரண்டுதான். வயிற்றிலிருக்கும் குட்டிகள் தாய் உள்ளுக்குள்ளேயே விடும் முட்டைகளைத் தின்று வளர்கின்றன. இரண்டே குட்டி, ஆனால் பிறக்கும்போதே வாலோடு ஒரு மீட்டருக்கு மேல். கடலில் எதிரி குறைவாக இருந்த காலத்துக்கு அது நல்ல கணக்கு. ஆயிரம் முள் கொண்ட தூண்டிலை அந்தக் கணக்கு எதிர்பார்க்கவில்லை.

ஆயிரங்கால் தூண்டில் என்றுதான் அதற்குப் பெயர். ஒரு நீளமான தாய்க்கயிறு, அதில் இடைவெளி விட்டு விட்டுக் கிளைக்கயிறு, ஒவ்வொன்றின் நுனியிலும் இரை கோத்த முள். கட்டுமரத்தில் போன காலத்தில் அதன் நீளத்தைக் கையும் துடுப்பும் தீர்மானித்தன. இன்ஜினும் ஐஸ் அறையும் ஜி.பி.எஸ்ஸும் வந்த பிறகு நீளத்துக்கும் தூரத்துக்கும் ஒரே எல்லை டீசல்தான். சுறாவின் பல் நைலானை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே கொஞ்ச தூரம் எஃகுக் கம்பி கட்டுவார்கள். கடைசியில் திரும்ப வருவேன் என்பதால் இந்தக் கம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்துக்கும் சுறாவுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததில்லை. சினைச்சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை ஏற்றி வணங்கிய பரதவரைச் சங்கப்பாட்டு காட்டுகிறது. அந்தக் கொம்பு வேளா மீனின் மூக்கிலிருந்து நீளும் வாள் என்றுதான் நான் நினைக்கிறேன். விலங்கியல்படி வேளா திருக்கையின் உறவு, ஆனால் பார்க்கச் சுறா போலவே இருக்கும். இருபுறமும் பல் வைத்த அந்த வாள் எந்த வலையிலும் முதலில் சிக்கும். சிக்கினால் பிரித்தெடுக்க முடியாது. நைலான் வலை வந்தபின் வேளா போன வேகம் பயங்கரமானது. இன்று உலகில் உள்ள வேளா வகைகள் எல்லாமே அழிவின் விளிம்புப் பட்டியல்களில்தான் இருக்கின்றன. எங்கள் பக்கத்துப் பெரியவர்களில் சிலர் பார்த்ததாகச் சொல்வார்கள். என் தலைமுறையில் பார்த்தேன் என்று சொல்ல ஆளில்லை. தெய்வமாக நின்றது இன்று பேச்சில்கூட இல்லை.

அப்புறம் எண்ணெய். சுறா ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயை மர வள்ளத்துக்குப் பூசுவது இந்தியக் கடற்கரை முழுக்க இருந்த வழக்கம். மரம் உளுக்காது, தண்ணீர் ஊறாது. இரண்டாம் உலகப்போர் வந்தபோது ஐரோப்பாவிலிருந்து காட் மீனெண்ணெய் வருவது நின்றது. வைட்டமின் ஏ-க்கு வேறு வழி தேட, சுறா ஈரலில் அது கொட்டிக்கிடப்பது தெரிந்தது. திருவிதாங்கூரிலும் கோழிக்கோட்டிலும் அரசே சுறா எண்ணெய்த் தயாரிப்பில் இறங்கியது. பள்ளிக்கூடத்தில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய கதையை எங்கள் தாத்தாமார் சொல்லிச் சிரிப்பார்கள். இதே காலத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதே எண்ணெய்க்காக ஒரு சுறா வகையை வேட்டையாடி, பத்தே வருடத்துக்குள் அந்தத் தொழிலே படுத்துவிட்டது. செயற்கை வைட்டமின் வந்த பிறகு உலகம் ஈரலை மறந்தது.

மறந்தது கொஞ்ச காலம்தான். ஆழ்கடலில், வெளிச்சம் போகாத முந்நூறு, ஐந்நூறு மீட்டர் ஆழத்தில் பச்சைக் கண்ணோடு திரியும் முள் சுறாக்கள் உண்டு. முதுகுத் துடுப்பின் முன்னால் ஒரு முள் இருப்பதால் அந்தப் பெயர். இவற்றின் ஈரலில் ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப் பொருள் நிறைய. முகத்தில் பூசும் க்ரீம், உதட்டுச் சாயம், சில தடுப்பூசிகளில்கூடச் சேர்மானம் என்று அதற்கு மவுசு. மாலத்தீவில் 1980 வாக்கில் இதற்கென்று தொழில் தொடங்கியது. ஓரிரு வருடத்தில் உச்சம், இருபது வருடத்தில் தரைமட்டம். ஏனென்றால் இந்த வகைகளில் சில ஒரு பேற்றுக்கு ஒரே குட்டிதான் போடும், அதுவும் இரண்டு வருடம் சுமந்து. மாலத்தீவு 2010-ல் எல்லாச் சுறாப் பிடிப்பையும் நிறுத்தியது. உயிரோடு நீந்தும் சுறாவைப் பார்க்க வருகிற சுற்றுலாப் பயணி தரும் காசு செத்த சுறா தருவதைவிட அதிகம் என்பது அங்கே கணக்குப் போட்டுப் பார்த்த விஷயம். மாலத்தீவில் படுத்த பிறகு, 2000-க்குப் பின் கேரளக் கரையிலும் ஆழ்கடல் முள் சுறாத் தொழில் சூடுபிடித்தது. ஸ்குவாலீனை ஆலிவ் எண்ணெயிலிருந்தும் கரும்பிலிருந்தும் எடுக்கலாம், எடுக்கவும் செய்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை: முகப்பூச்சுக்காக ஆழ்கடல் முள் சுறாவைப் பிடிப்பதில் அர்த்தமே கிடையாது. அதைப் பிடிக்காவிட்டால் யார் வீட்டுச் சாப்பாட்டிலும் குறை வராது.

துடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஹாங்காங், சிங்கப்பூர் சந்தைக்கு இந்தியாவிலிருந்தும் துடுப்பு போனது, விலையும் கிடைத்தது. ஆனால் இங்கே துடுப்பை மட்டும் அறுத்துவிட்டு உடலைக் கடலில் எறிந்தவர் அபூர்வம். எறிய மாட்டார்கள், ஏனென்றால் இறைச்சிக்கும் ஆள் இருக்கிறது. கேரளத்தில் ஸ்ராவுக் கறி, தமிழ்நாட்டில் சுறாப்புட்டு, இரண்டு பக்கமும் கருவாடு. சுறாவின் ரத்தத்தில் யூரியா அதிகம். செத்தவுடன் அது அம்மோனியாவாக மாறி நாறத் தொடங்கும். அதனால்தான் ஐஸ் இல்லாத காலத்திலிருந்தே உப்பிட்டு உணக்கும் பழக்கம் சுறாவோடு ஒட்டிக்கொண்டது. ஆக, நம் கடலில் சுறா சாவதற்குத் துடுப்பு ஒரு கூடுதல் காரணம்தான். மூல காரணம் நம் சோற்றுத்தட்டு.

இது புரியாமல் போட்ட சட்டங்களின் வரலாறு சுவாரசியமானது. 2001 மே மாதம் திமிங்கலச் சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். குஜராத்தின் வேராவல் பக்கம் அதை வேட்டையாடிய காட்சிகள் ஆவணப்படமாக வெளிவந்து நாடே பார்த்த பின் எடுத்த முடிவு. சரியான முடிவுதான். ஆனால் அந்த வேகத்திலேயே ஜூலையில் எல்லாச் சுறாக்களையும் எல்லாத் திருக்கைகளையும் அதே அட்டவணையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அதாவது சட்டப்படி திருக்கை வாங்கிக் குழம்பு வைப்பதும் புலியைச் சுடுவதும் ஒன்று. கடற்கரை முழுக்கக் கொந்தளிப்பு. தூத்தூர்க்காரர்களுக்கோ அது பிழைப்பின் மேலேயே விழுந்த அடி. டிசம்பரில் அரசு பின்வாங்கிப் பட்டியலைப் பத்து வகையாகச் சுருக்கியது. திமிங்கலச் சுறா, வேளா வகைகள், கங்கைச் சுறா, பாண்டிச்சேரிச் சுறா என்று போகும் அந்தப் பத்து. இதில் பலவற்றை ஒரு தூத்தூர்க்காரர் தன் ஆயுளில் கண்டிருக்க வாய்ப்பில்லை. பாண்டிச்சேரி என்று நம் ஊர்ப் பெயரையே தாங்கிய அந்தச் சுறாவின் கடைசி உறுதியான பதிவு 1979-ஐச் சேர்ந்தது. ஆறு மாதத்துக்குள் ‘எல்லாம்’ என்பதிலிருந்து ‘கிட்டத்தட்ட ஒன்றுமில்லை’ என்பதற்கு வந்துவிட்டோம். கடலில் தினமும் சாகும் நீளவாலும் பட்டுத்தோல் சுறாவும் நடுவில் எங்கோ விடுபட்டுப் போயின.

பிறகு 2013-ல் துடுப்பை உடலோடுதான் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று விதி. 2015 பிப்ரவரியில் துடுப்பு ஏற்றுமதிக்கே தடை. இரண்டும் நல்லவை, ஆனால் இறைச்சிக்காகச் சாகும் சுறாவை இவை எந்த வகையிலும் காப்பாற்றவில்லை. கள்ளத்தனமாகப் போகும் துடுப்பு மூட்டைகள் சுங்கத்தில் பிடிபடும் செய்தி அவ்வப்போது வரும். 2022 திருத்தத்தில் சட்டத்தின் பட்டியல் இன்னும் நீண்டது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்திலும் வரிசையாகச் சுறாக்கள் சேர்ந்தன: 2013-ல் சுத்தியல் தலை கொண்ட கொம்பன் சுறாக்கள், 2016-ல் பட்டுத்தோலும் நீளவாலும், 2019-ல் மாக்கோ, 2022-ல் பட்டுத்தோல் சுறாவின் குடும்பம் முழுவதும். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் தன் பதிவேட்டில் உள்ள கப்பல்கள் நீளவால் சுறாவை வைத்திருக்கவே கூடாது என்று 2010-லேயே சொல்லிவிட்டது. காகிதத்தில் ஒன்றும் குறையில்லை. தோப்பும்படித் தரையில் அரிவாள் அடுக்கு மட்டும் குறைந்தபாடில்லை.

உலகக் கணக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, 1970-லிருந்து திறந்த கடலில் திரியும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவீதம் வீழ்ந்துவிட்டதாக மதிப்பிட்டது. சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவு அபாயத்தில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். பட்டியல் சொல்கிறது. காரணம் என்று தேடப்போனால் பிளாஸ்டிக், சூடாகும் கடல், அழியும் கழிமுகம் எல்லாம் வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே மீன்பிடிப்பு நிற்கிறது. மற்றவை ரொம்ப தூரம் பின்னால். அதிகம் சுறா பிடிக்கும் நாடுகளின் வரிசையில் இந்தோனேசியா, ஸ்பெயினோடு இந்தியாவும் முன்னணியில் வருகிறது.

‘சுறா அழிந்தால் கடலே செத்துப்போகும்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். அமெரிக்கக் கிழக்குக் கரையில் பெரிய சுறாக்கள் குறைந்ததால் திருக்கை பெருகி, அது சிப்பிகளைத் தின்று தீர்த்தது என்று 2007-ல் ஒரு பிரபலமான ஆய்வு வந்தது. பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கு நிற்காது என்று காட்டினார்கள். மாறாக, ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே விரிகுடாவில் நடந்த ஆய்வுகள் உறுதியானவை. புலிச்சுறா இருக்குமிடத்தில் ஆவுளியா என்ற கடற்பசுவும் ஆமையும் பயந்து பயந்து மேய்கின்றன. அதனால் கடற்புல் பிழைக்கிறது. சுறா தின்பதைவிட, சுறா இருக்கிறது என்ற பயமே பெரிய வேலை பார்க்கிறது. இடத்துக்கு இடம் கதை மாறும். அரபிக்கடலின் கதையை முழுதாகப் படிப்பதற்குள் பக்கங்கள் கிழிந்துகொண்டே போகின்றன என்பதுதான் கவலை.

சரி, இதில் தூத்தூர்க்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். பக்கத்துக் கடலில் மீன் குறையக் குறையப் படகு தூரம் போகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது இந்த ஊர்களின் படகுகள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி நின்றன. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. சின்னத்துறை, வள்ளவிளை, தூத்தூர் தெருக்களில் அந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போய்த் தங்குகிறவரிடம் ‘சுறாவை விட்டுவிடு’ என்று சொன்னால், ‘டீசல் காசை நீ குடுப்பியா மக்கா?’ என்றுதான் கேட்பார். என்னிடம் ஒரு பெரியவர் அப்படித்தான் கேட்டார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் அவரே அடுத்த பேச்சில், தன் அப்பா பிடித்த கொம்பன் சுறாவின் நீளத்தைக் காட்ட இரண்டு கையும் போதாமல் எழுந்து நான்கு எட்டு நடந்து காட்டினார். இப்போது வருவதைக் காட்ட உட்கார்ந்தபடியே ஒரு கை போதுமாக இருந்தது.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. முதலாவது அந்த எஃகுக் கம்பி. இவர்களில் பலர் இப்போது சூரைக்கும் சேர்த்துத்தான் தூண்டில் போடுகிறார்கள். சூரைக்குக் கம்பி தேவையில்லை, நைலான் போதும். கம்பிக்குப் பதில் நைலான் கட்டினால் மாட்டிய சுறாக்களில் ஒரு பங்கு தானே கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். பசிபிக் பகுதியில் இதை விதியாகவே ஆக்கியிருக்கிறார்கள். முள் தொலையும், அது நஷ்டம்தான். ஆனால் மீனவர் தன் தூண்டிலிலேயே செய்துகொள்ளக்கூடிய மாற்றம். வாலில் மாட்டும் நீளவாலுக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல் கயிற்றுக்கு எட்டாதே.

இரண்டாவது, குஜராத் காட்டிய வழி. திமிங்கலச் சுறா வலையில் சிக்கினால் வலையை அறுத்து அதை விட்டுவிடுகிறார்கள். வலைக்கு அரசு இழப்பீடு தருகிறது. இப்படி நூற்றுக்கணக்கில் தப்பியிருக்கின்றன. திருவனந்தபுரம் கடற்கரையிலும் கரைமடியில் மாட்டிய திமிங்கலச் சுறாக்களை நெஞ்சளவு தண்ணீரில் நின்று கடலுக்குத் தள்ளிவிட்ட மீனவர்கள் உண்டு. லாரி நீள மீனைத் தள்ளுவது எளிய வேலையில்லை. அது ஒன்றும் செய்யாது, மிதவைப் பூச்சியையும் சின்ன மீனையும் வடிகட்டித் தின்னும் சாது என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது கொச்சியிலேயே இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எந்தச் சுறா எவ்வளவு, என்ன அளவில் இறங்குகிறது என்று வருடக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. 2015-ல் சுறாக்களுக்கான தேசியச் செயல்திட்டத்துக்கு வழிகாட்டியும் வெளியிட்டது. எந்த வகையை எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக்கூடாது என்பதுவரை பேச முடிகிற அறிவு நம்மிடம் இருக்கிறது. எல்லாச் சுறாவும் ஒரே மாதிரி இல்லை. சீக்கிரம் வயதுக்கு வரும் சிறு சுறாக்களை அளவோடு பிடிக்கலாம், பனை வகைகளைத் தொடக்கூடாது என்று பிரித்துச் சொல்லும் விதிதான் நிற்கும். 2001 ஜூலை மாதிரி மொத்தமாகப் பூட்டுப் போட்டால் பூட்டுதான் உடையும்.

சிறு சுறா என்றதும் பால் சுறா நினைவுக்கு வருகிறது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறும் என்று கொடுப்பது தமிழிலும் மலையாளத்திலும் ஒரே வழக்கம். ஆங்கிலத்தில் அந்த மீனுக்குள்ள பெயரும் நம் பேறுகாலச் சமையலறையிலிருந்து போனதுதான். வளர்ந்தால் ஒரு மீட்டர் அளவு, சீக்கிரம் குட்டி போடும். இதிலும் ஒரு வேடிக்கை: பெரிய சுறாக்களில் பாதரசம் சேர்கிறது என்பதால் கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவம் சொல்கிறது. சின்னதைத் தேடிக் கொடுத்த பாட்டிமார் அதை அறிந்து செய்தார்களா, சின்னதுதான் கைக்கு எட்டியதா தெரியாது. இப்போது பால் சுறாவும் ஐ.யு.சி.என்-னின் அபாயப் பட்டியலுக்குள் வந்துவிட்டது.

சந்தையில் பால் சுறா என்று வாங்குவது எல்லாம் பால் சுறாதானா என்பது வேறு கேள்வி. முழங்கை நீளக் குட்டிகளைத் தலை வெட்டி, தோல் உரித்து அடுக்கிவிட்டால் கொம்பன் சுறாக் குட்டியையும் பால் சுறாவையும் யாராலும் பிரித்தறிய முடியாது. போன முறை என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது எல்லைப்பக்கச் சந்தையில் மீன்கார அக்காவிடம், ‘தலையோடு இருக்கிறதைக் காட்டுங்கக்கா’ என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கூடைக்கு அடியிலிருந்து எடுத்துப் போட்டார். நாலு குட்டி. இரண்டு பால் சுறா. மற்ற இரண்டின் தலையும் சுத்தியல் போல இருபக்கம் விரிந்திருந்தன, ஓரங்களில் கண்.

‘ரெண்டும் ஒரே ருசிதான், எடுத்துக்கோ’ என்றார் அக்கா.